அளவும் அறமும்: மார்பகச் சத்திரசிகிச்சையின் பின்னான ஆடை குறித்து ஒரு சிந்தனை

ஆடை மனிதருக்கு எதற்காக என்ற வினாவிற்கு வழமையாக மூன்று விடைகள் கூறப்படுவதுண்டு. குளிர், வெயில் முதலியவற்றினின்றும் உடலைக் காத்தல் ஒன்று, மானங்காத்தல் மற்றொன்று, அழகு செய்தல் பிறிதொன்று. இம்மூன்றும் தம்முள் முரணாதிருக்கும் வரையில் எவரும் இவ்வினாவை எழுப்புவதில்லை. காலையில் எழுந்து உடுத்துக்கொண்டு வெளியே செல்கின்றோம்; அவ்வளவே. அவை முரண்படத் தொடங்கும்போதுதான் நாம் உடுப்பது யாருக்காக என்னும் ஐயம் தலைதூக்குகின்றது. மார்பகப் புற்றுநோயின் பொருட்டுச் சத்திரசிகிச்சைக்கு உட்பட்ட பெண்ணொருத்திக்கு ஆடை தைத்தல் அத்தகைய முரண் வெளிப்படையாகத் தோன்றும் இடமாகும். உடலுக்கு இதமானது பிறர் கண்ணுக்கு ஒவ்வாததாகவும், பிறர் கண்ணுக்கு ஒத்தது உடலை வருத்துவதாகவும் அங்கே அமைந்துவிடுகின்றன. தையல் மேசைக்குரிய ஒரு சிறு விடயத்தை ஒழுக்கவியலின்பாற் சேர்த்து நோக்குதல் சிலருக்கு மிகையெனப் படலாம். ஆயினும், அளவெடுத்தல் என்னும் தொழிலினுள்ளேயே ஓர் அறப் பிரச்சினை பொதிந்துள்ளது என்பதே இங்கு வற்புறுத்தப்படும் கருத்து.

முதலில் அவ்வுடல் எத்தகையது என்பதைச் சிறிது அறிதல் வேண்டும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் பணியாற்றிய வில்லியம் ஹால்ஸ்ரெட் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் 1894 ஆம் ஆண்டிலே தமது முறையினை விளக்கிக் கட்டுரையொன்றை வெளியிட்டார். மார்பகத்தை மாத்திரமன்றி, அதன் கீழமைந்த நெஞ்சுத் தசைகளையும் கமக்கட்டிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் ஒருங்கே அகற்றுவது அம்முறை. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு காலம் அதுவே பெருவழக்காயிருந்தது. உயிரைக் காக்கும் நோக்குடன் செய்யப்பட்ட அச்சிகிச்சை, விலா எலும்பின்மீது தோல் மட்டும் போர்த்திய குழிந்த நெஞ்சையும், உயர்த்துதற்கு அரிய தோளையும், பலருக்கு வாழ்நாள் முழுவதும் வீங்கியிருக்கும் கையையும் விட்டுச்சென்றது. பின்னர், 1970களிலும் 1980களிலும் அமெரிக்காவில் பேர்னார்ட் பிஷரும் இத்தாலியின் மிலான் நகரில் உம்பேர்த்தோ வெரொனேசியும் முன்னின்று நடத்திய ஒப்பீட்டாய்வுகள், நோய் முற்றாத நிலையிலுள்ள பலருக்குக் கட்டியையும் அதனைச் சூழ்ந்த பகுதியையும் மட்டும் அகற்றிக் கதிர்ச் சிகிச்சை அளித்தல் உயிர்பிழைப்பைப் பொறுத்தவரையில் எவ்வாற்றானும் குறைந்ததன்று என நிறுவின.

இதன் விளைவு யாதெனில், ‘சத்திரசிகிச்சைக்குப் பின்னான உடல்’ என்று பொதுவாகச் சுட்டத்தக்க ஒன்று இன்றில்லை என்பதே. ஒருத்திக்கு ஒரு மார்பகம் முழுவதும் அகற்றப்பட்டிருக்கும். இன்னொருத்திக்கு இரண்டுமே இல்லாதிருக்கும். வேறொருத்திக்கு ஒரு பக்கத்தின் கீழ்ப்பாதி மட்டும் குழிந்திருக்கும். மற்றொருத்திக்குச் சிலிக்கோன் பை கொண்டோ அவளது வயிற்றுப்பகுதி இழையங் கொண்டோ மீளமைக்கப்பட்டிருக்கும். கடையிலே தொங்கும் மார்க்கச்சையின் எண்கள் இவர்களுள் எவரையும் அறியா. அவ்வெண்கள் இருபுறமும் ஒத்த உடல் ஒன்றை முன்கூட்டியே கற்பித்துக்கொண்டு எழுந்தவை. அவ்வாறில்லாதவள் தன்னை அவ்வெண்ணின் பிழையாகக் காணப் பழகிக்கொள்கின்றாள்.

ஆகவே இவ்வாடை உடலிலிருந்தே தொடங்கவேண்டியுள்ளது. சத்திரசிகிச்சை முடிந்த முதற் சில வாரங்களிலே கையைத் தலைக்கு மேல் உயர்த்துதல் இயலாது. எனவே தலைவழியாக அணியும் எதுவும் பயன்படாது. முன்புறம் முழுவதும் திறக்கும் சட்டையே வேண்டப்படும். காயத்திலிருந்து நீர் வடிவதற்கென வைக்கப்படும் குழாயும் அதன் முனையிலுள்ள சிறு குடுவையும் பல நாட்களுக்கு உடலோடு இருக்கும். அதனைக் கையிலே தூக்கித் திரியாமல் வைத்துக்கொள்ள உட்புறத்தில் ஒரு பை தைத்துக்கொடுத்தால், அப்பெண் இரு கைகளும் வெறுமையாக நடக்கலாம். தழும்பு ஆறிய பின்னரும் அதன்மீது தையலோரம் படுதல் ஆகாது. சாதாரணச் சட்டையிலே பக்கத் தையல் கமக்கட்டின் நேர்கீழே இறங்கும். தழும்பு முடிவதும் பெரும்பாலும் அவ்விடத்தேயாம். ஆதலின் தையலை முதுகுப்புறமாக இரண்டு விரற்கடை தள்ளி வைக்கவேண்டும். கம்பி அறவே கூடாது. தோட்பட்டி அகன்றிருத்தல் வேண்டும். குறுகிய பட்டி தோளை அழுத்தி, ஏற்கனவே தடைப்பட்டுள்ள நிணநீரோட்டத்தை மேலுந் தடுக்கும். கதிர்ச் சிகிச்சை பெற்ற தோல் உராய்வைப் பொறுக்காது. அதற்கு மென்பருத்தியே ஏற்றது.

பாரம் பற்றிய பிரச்சினை இதனினும் நுண்ணியது. ஒரு பக்கம் வெறுமையான மார்க்கச்சை அப்பக்கத்திலே மெல்ல மேலேறிவிடும். மறுபக்கத்தின் பாரம் அதனை இழுத்துச் செல்வதே காரணம். இதனாலேயே பொய்ம்மார்பு எனப்படும் நிரப்பிக்கு வடிவம் மட்டுமன்றிப் பாரமும் வேண்டியிருக்கின்றது. சிலிக்கோனாற் செய்யப்பட்டவை சில நூறு கிராம் நிறையுடையன; கீழே தங்கி நிற்பன. ஆயின், எமது நாட்டின் வெக்கையிலே அவற்றின் அடியில் வியர்வை கட்டித் தோல் அவியும். பஞ்சு நிரப்பியது குளிர்ச்சியானது, மலிவானது, ஆனாற் பாரமற்றது. எந்த ஒரு பொருளும் இரண்டையும் ஒருங்கே தருவதில்லை. வீட்டில் இருக்கும்போது பஞ்சும் வெளியே செல்லும்போது சிலிக்கோனுமாக மாற்றிக்கொள்ளத்தக்க உட்பையொன்றைத் தைத்துக்கொடுப்பதே அறிந்த தையற்காரியின் தீர்வாகும். நூலிற் படித்து வரும் அறிவன்று இது. அணிபவளோடு இருந்து பேசி வருவது.

சேலை உடுக்கும் பெண்களைப் பொறுத்தவரை வேறு சில கேள்விகளும் உண்டு. முந்தானை இடத்தோளிலே படிகின்றது. பட்டுச் சேலையாயின் அதன் பாரம் முழுவதும் அத்தோளுக்கே. இடப்பக்கத்திற் சிகிச்சை பெற்றவளுக்கு அது சிறு விடயமன்று. அத்துடன் அவ்விடத்திலே ஊசி குத்திக்கொள்வதும் நம் வழக்கம். நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்ட பக்கத்தில் ஊசிக்காயமும் கீறலும் ஏற்படாமற் பார்த்துக்கொள்ளுமாறு வைத்தியர்கள் அறிவுறுத்துவர். ஊசிக்குப் பதிலாகத் தோளிலே ஒரு கொக்கியை வைத்துத் தைத்தல் எத்துணை எளியது! இறுகப் பிடிக்கும் சட்டைக்கை மற்றொரு இடர். வீங்கிய கைக்கும் வீங்காத கைக்கும் ஒரே அளவிலே கை வெட்டுதல் இயலாது. இரண்டு கைகளுக்கும் இரண்டு அளவு குறித்து, பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றுமாறு மடிப்பை உள்ளே ஒளித்து வைப்பதிலேதான் தையற்கலையின் திறம் புலப்படும்.

தையலில் அளவு பார்க்கும் முறைகளுள் மிகப் பழகியது, “இறுக்குகிறதா?” என்று கேட்டல். இங்கே அக்கேள்வி பயன்படாது. கமக்கட்டின் வழியே செல்லும் தோலுணர்வு நரம்புகள் அறுபடுவதனால் மேற்கையின் உட்புறமும் நெஞ்சின் ஒரு பகுதியும் மரத்துப்போதல் பெரும்பாலும் நிகழ்வது. மரத்த தோல் இறுக்கத்தை உணராது. “இல்லை, நன்றாக இருக்கிறது” என்று அவள் உண்மையாகவே கூறுவாள். அதே வேளை பட்டி தோலை வெட்டிக்கொண்டிருக்கும். ஆகவே ஒரு மணி நேரம் அணியச் செய்து, கழற்றிய பின் தோலிலே படிந்த தடத்தைக் கண்ணாற் பார்த்தறிதல் வேண்டும். மறுபுறத்தில், அகற்றப்பட்ட மார்பகம் இன்னும் இருப்பதுபோலவும் அது அரிப்பது, வலிப்பது போலவும் உணரும் பெண்கள் உளர். உடல் என்பது நாம் வைத்திருக்கும் பொருளன்று, நாம் உலகை எதிர்கொள்ளும் நிலையே அது என்று பிரெஞ்சு மெய்யியலாளர் மெர்லோ-பொந்தி 1945 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில், இழந்த உறுப்பை உணர்வோரின் அனுபவத்தைச் சான்றாக வைத்து விரிவாக வாதிட்டார். இருப்பதை உணராமலும் இல்லாததை உணர்ந்தும் வாழும் உடலுக்குத் துணி வெட்டும் தையற்காரி, அவ்வாதத்தைக் கேட்டிராமலே அதன் நடுவில் நிற்கின்றாள்.

எமது ஊர்களிலே சட்டை தைக்கக் கொடுக்கும் வழக்கம் யாவரும் அறிந்ததே. துணியோடு நன்கு பொருந்திய பழைய சட்டை ஒன்றையும் ‘அளவுச் சட்டை’யாகக் கொடுத்துவிடுவர். தையல்காரர் அதனை விரித்து வைத்து வெட்டிவிடுவார். உடலிலே நாடா படவேண்டிய தேவையில்லை. கூச்சத்தை மதிக்கும் நல்ல ஏற்பாடு அது. ஆனாற் சத்திரசிகிச்சைக்குப் பின்னர் அளவுச் சட்டை என ஒன்று இல்லை. அலுமாரியிலுள்ள சட்டைகள் யாவும் முன்னிருந்த உடலின் பதிவுகளாகிவிட்டன. அவள் புதிதாக அளக்கப்படவேண்டும்.

இங்கே அரிஸ்டோட்டிலின் ஓர் உவமை நினைவுக்கு வருகின்றது. நிக்கோமாக்கஸ் ஒழுக்கவியல் என வழங்கும் தமது நூலின் ஐந்தாம் பகுதியிலே நீதியையும் நியாயத்தையும் வேறுபடுத்தி ஆராயும் அவர், சட்டம் பொதுவாகவே பேசுமாதலின் தனியொரு நிலைமையில் அது தவறக்கூடும் என்றும், அத்தவற்றைத் திருத்துவதே நியாயத்தின் பணி என்றும் கூறுகின்றார். அதனை விளக்க, லெஸ்பொஸ் தீவின் கட்டடக் கலைஞர் கையாண்ட ஈய அளவுகோலைக் காட்டுவார். இரும்புக்கோல் வளையாது, கல்லே அதற்கேற்பச் செதுக்கப்படவேண்டும். ஈயக்கோலோ கல்லின் வடிவுக்கேற்ப வளைந்து அதனை அளந்துகொள்ளும். தையல்காரரின் அளவு நாடாவினும் சிறந்த ஈயக்கோல் வேறுண்டோ? நாடா எவ்வுடலையும் குற்றங் கூறாது. அளவு எண்கள் அச்சிட்ட ஆயத்த ஆடையோ இரும்புக்கோல். அரிஸ்டோட்டில் அந்நெகிழ்வை நீதியினின்றும் விலகலாகக் கொள்ளவில்லை. நீதியின் உயர்ந்த வகையாகவே கொண்டார் என்பது கவனிக்கத்தக்கது. அளவெடுத்துத் தைத்தல் ஒரு சலுகை என்ற எண்ணம் பிழையானது. எந்த உடல் அளவுகோலாகக் கொள்ளப்படவேண்டும் என்பதே அங்கு தீர்மானிக்கப்படுகின்றது.

எனினும் பெரியதொரு தடை இதுவரை தொடப்படாதிருக்கின்றது. இவ்வளவு நுணுக்கமாகத் தைத்து இழப்பை மறைத்தல் ஒருவகைப் பொய்யன்றோ? பொய்யாகவன்றெனினும், மறைக்கவேண்டிய குறை அது என்ற எண்ணத்திற்குத் துணைபோதல் அன்றோ?

இவ்வினா வெறுங் கற்பனையன்று. நியூயோர்க்கைச் சேர்ந்த தெரேஸ் லாசர் என்பவர் தாம் சத்திரசிகிச்சை பெற்ற அனுபவத்தின் வழியே 1952 இல் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். அதே சிகிச்சையைப் பெற்று மீண்ட பெண்கள் வைத்தியசாலைக்குச் சென்று புதிய நோயாளிகளைச் சந்திப்பதும், கைப்பயிற்சி சொல்லிக் கொடுப்பதும், தற்காலிகமான நிரப்பி ஒன்றை அளிப்பதும் அதன் பணி. 1969 இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அதனைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. எவரும் வாய்திறந்து பேசாத காலத்தில் அது செய்த நன்மை அளப்பரியது. ஆனால் 1978 இல் ஒரு மார்பகத்தை இழந்த கறுப்பினக் கவிஞர் ஓட்ரி லோர்ட், 1980 இல் வெளியிட்ட தமது புற்றுநோய்க் குறிப்பேடுகளில் இதனைக் கடுமையாக எதிர்த்தார். நிரப்பியின்றி வைத்தியரைக் காணச் சென்றபோது, அது அங்கு வருவோரின் மனவுறுதியைக் குலைக்கும் எனத் தாதி தம்மைக் கடிந்துகொண்டதை அவர் பதிவு செய்துள்ளார். போரிற் கண்ணிழந்த இஸ்ரேலியத் தளபதி மோஷே தயான் கறுப்புக் கண்மூடியுடன் உலா வந்தபோது, செயற்கைக் கண் அணிந்து வருமாறு எவரும் அவரைக் கேட்கவில்லையே என்பது லோர்டின் வாதம். ஆணின் வடு வீரத்தின் சான்று. பெண்ணின் வடு பிறர் மனத்தைக் குலைப்பது. இவ்வாதத்தின் வலிமையை மறுத்தல் அரிது.

மறுபுறம் ரூத் ஹான்ட்லர். மாட்டெல் பொம்மை நிறுவனத்தை நிறுவியோருள் ஒருவர். 1959 இல் பார்பி பொம்மையை உலகுக்கு அளித்தவர். எந்தப் பெண்ணுக்கும் இயலாத உடல் விகிதங்களைச் சிறுமியர் கையிற் கொடுத்தவர் என்று அவரைப் பலர் குறை கூறினர். 1970 இல் அவரே ஒரு மார்பகத்தை இழந்தார். கடையிற் கிடைத்த நிரப்பிகள் இடம் வலம் என்ற வேறுபாடுமின்றிச் செய்யப்பட்டிருந்தமை அவருக்குச் சினமூட்டியது. காலணியைக்கூட இடம் வலம் பார்த்துச் செய்யும் உலகம் இதனைப் பார்க்கவில்லை. பேய்ற்றன் மாசி என்ற செயற்கையுறுப்பு வடிவமைப்பாளரின் துணையோடு, இடத்திற்கும் வலத்திற்கும் தனித்தனியாக, மார்க்கச்சை அளவுகளுக்கேற்ற நிரப்பிகளை உருவாக்கி ‘நியர்லி மீ’ என்னும் பெயரில் 1970களின் நடுப்பகுதியில் விற்பனைக்குக் கொணர்ந்தார். தாமும், அதே இழப்பைக் கண்ட பெண்கள் பலருமாக ஊரூராகச் சென்று கடைகளிலே வாடிக்கையாளருக்கு நேரில் அணிவித்துப் பார்த்தனர். 1974 இல் சத்திரசிகிச்சை பெற்ற அமெரிக்க ஜனாதிபதியின் துணைவியார் பெற்றி போர்ட்டும் அவ்வாறு அளவு பார்க்கப்பட்டவர்களுள் ஒருவர்.

லோர்டையும் ஹான்ட்லரையும் எதிரெதிர் நிறுத்தி ஒருவரைத் தேர்ந்துகொள்ளுதல் எளிது. அவ்வாறு செய்தல் பொருந்துமெனத் தோன்றவில்லை. லோர்ட் எதிர்த்தது நிரப்பியையன்று. கேட்கப்படாமல் அது கையில் திணிக்கப்பட்டதையே. ஹான்ட்லர் விரும்பியது ஏமாற்றையன்று. கண்ணாடி முன் தன்னைத் தானாகக் காண்பதையே. பொய் என்பது உண்மையை அறியும் உரிமையுடையவரிடமிருந்து அதனை மறைத்தல் எனக் கொண்டால், பேருந்தில் எதிரே அமர்ந்திருப்பவனுக்கு அவளது நெஞ்சைப் பற்றி அறியும் உரிமை ஏது? எவ்வுண்மையும் எவருக்கும் மறைக்கப்படலாகாது என்று வாதிடுவோர், தாம் சட்டை அணிந்துகொண்டே அதனைக் கூறுகின்றனர். மறைத்தலும் காட்டுதலும் அவளுடைய முடிபுகள். அம்முடிபுக்கு இடமளிக்கும் ஆடையே அறத்தோடு பொருந்திய ஆடை. இருபுறமும் தட்டையாக விட்டுவிட விரும்பும் பெண்ணுக்கு, வெறுமையான கிண்ணம் சுருங்கித் தொங்காமல் நேராக விழும் சட்டையை வெட்டிக்கொடுத்தலும் அதே கலையின் பகுதியே. இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். நிரப்புதலே தம் தொழில் என எண்ணிவிடுகின்றனர்.

ஒரு மார்பிழந்த பெண்ணின் உருவம் தமிழருக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் கண்ணகி தன் இடமார்பைத் திருகி எறிந்து மதுரையை எரித்தவள். வேங்கை மர நிழலில் நின்ற அவளைக் குன்றக் குறவர் தெய்வமெனக் கொண்டனர். ஈழத்திலே தமிழர் அவளைக் கண்ணகையம்மனாகவும் சிங்களவர் பத்தினித் தெய்வமாகவும் இன்றும் வழிபடுகின்றனர். எனினும், தெய்வமாக்குதல் இங்கு நமக்கு உதவுவதாயில்லை. தெய்வத்திற்குத் திங்கட்கிழமை வேலைக்குச் செல்லவேண்டியதில்லை. சட்டைக்கு அளவு கொடுக்கவேண்டியதுமில்லை. துன்புற்ற பெண்ணை வீராங்கனை என்று போற்றிவிட்டு அவளது தோட்பட்டி தோளை வெட்டுவதைக் கவனியாதிருத்தல் நம்மிடையே காணப்படும் ஒரு குறைபாடு.

வைத்தியசாலைக்கு வெளியே அவளது நெஞ்சை முதன்முதலிற் காண்பவர் பல வேளைகளில் அளவெடுப்பவராகவே இருப்பார். கணவனுக்குக் காட்டத் தயங்கிய ஒன்றை அவள் இங்கு காட்டவேண்டியுள்ளது. பிறர் பார்வையின் கீழ் நாம் ஒரு பொருளாகிவிடுகின்றோம் என்று சார்த்தர் விவரித்தார். அது எல்லாப் பார்வைக்கும் உண்மையாகாது என்பதற்கு நல்ல அளவெடுப்பவரின் பார்வை சான்று. வைத்தியரின் கண் நோய் மீண்டுள்ளதா எனத் தேடும். உறவினரின் கண் இரங்கும், அல்லது விலகும். அளவெடுப்பவரின் கண்ணோ அவ்வுடல் இப்பொழுது எவ்வாறிருக்கின்றது என்பதையே கேட்கின்றது. ‘முன்பு எப்படி இருந்தது?’ என்ற கேள்வி அங்கில்லை. இடப்பக்கம் இவ்வளவு, வலப்பக்கம் இவ்வளவு என்று இரண்டு எண்களை ஒரே முகத்தோடு எழுதிக்கொள்ளும் அச்செயலிலே அனுதாபச் சொற்கள் பலவற்றினும் கூடிய மதிப்பு உண்டு. பெண்ணொருவரே அளவெடுத்தல் வேண்டும், கதவு தாழிட்ட அறை வேண்டும், துணைக்கு வந்தவரை வெளியே இருத்துவதா உள்ளே அழைப்பதா என்பதை அவளிடமே கேட்டறிதல் வேண்டும் என்பனவெல்லாம் சொல்லாமலே விளங்கும்.

இனிச் செலவு பற்றிய வினா. ஆடம் ஸ்மித் 1776 இல் வெளியிட்ட நாடுகளின் செல்வம் என்னும் நூலிலே, இன்றியமையாப் பொருள் எது என்பதை வரையறுக்கும்போது லினன் சட்டையை எடுத்துக்காட்டினார். பண்டைக் கிரேக்கரும் உரோமரும் லினன் இன்றி நன்றாகவே வாழ்ந்தனர். ஆனால் தம் காலத்து ஐரோப்பாவில் நாட்கூலியாள்கூட அஃதின்றி வெளியே தோன்ற நாணுவான். ஆகவே அது அவனுக்கு இன்றியமையாதது என்பது அவர் கருத்து. நாணமின்றி நாலுபேர் முன் தோன்றும் ஆற்றலை வறுமை பற்றிய தமது ஆய்வுகளிற் பொருளியலறிஞர் அமர்த்தியா சென் மீண்டும் வற்புறுத்தினார். இவ்வளவுகோலின்படி நோக்கினால், நாம் பேசும் ஆடை அழகுப் பொருளாகாது. சிகிச்சையின் எஞ்சிய பகுதியே அது. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை நிரப்பிகளை இலவசமாக வழங்குகின்றது. அமெரிக்காவில் 1998 இல் நிறைவேறிய சட்டமொன்று, மார்பகம் அகற்றும் சிகிச்சைக்குப் பணம் செலுத்தும் காப்புறுதித் திட்டங்கள் மீளமைப்புக்கும் நிரப்பிகளுக்கும் பணம் வழங்கவேண்டுமென விதித்தது.

எமது நாட்டின் நிலைமையில் ஒரு விநோதம் உண்டு. 1978 இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியதிலிருந்து ஆடைத்தொழில் வளர்ந்து நாட்டின் முதன்மையான கைத்தொழில் ஏற்றுமதியாயிற்று. அதில் மேலைநாட்டுப் பெண்களுக்கான உள்ளாடைகள் குறிப்பிடத்தக்க பங்கினை வகிக்கின்றன. அவற்றைத் தைப்போர் பெரும்பாலும் பெண்கள். அதே நாட்டிலே பெண்களுக்கு ஏற்படும் புற்றுநோய்களுள் முதலிடம் பெறுவது மார்பகப் புற்றுநோய். மகரகமவிலும் தெல்லிப்பழையிலும் அரசாங்க வைத்தியசாலையிற் பணமின்றிச் சத்திரசிகிச்சை பெறும் பெண், வீடு திரும்பியபின் பழைய பருத்திச் சேலையை மடித்துத் தன் மார்க்கச்சைக்குள் வைத்துத் தைத்துக்கொள்கின்றாள். ஆயிரமாயிரமாக ஒரே அளவிலே தைக்கும் கைகளுக்குத் திறமை குறைவில்லை. ஒன்றை மட்டும், ஒருத்திக்கு மட்டும் தைப்பதற்கு அத்தொழிற்சாலையின் நேரக் கணக்கில் இடமில்லை.

இப்பணியை ஆலைகளிடம் எதிர்பார்ப்பதினும் ஊர்த் தையற்காரிகளிடம் எதிர்பார்த்தல் பொருத்தமாகும். வீட்டு விறாந்தையிலே தையற்பொறியை வைத்துச் சட்டை தைக்கும் பெண் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கின்றாள். அவளிடம் நாடாவும் பொறுமையும் உள்ளன. மரத்த தோலைப் பற்றியும் வீங்கும் கையைப் பற்றியும் எவரேனும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாற் போதுமானது. தொழினுட்பக் கல்லூரிகளின் தையல் வகுப்புக்களிலே புற்றுநோய்ப் பிரிவிற் பணிபுரியும் தாதியொருவர் ஓரிரு நாட்கள் வந்து கற்பித்தல் நடைமுறைக்கு ஒவ்வாததன்று. துணியைப் பற்றியும் ஒரு சொல். சேலையோடு ஒட்டிவரும் சட்டைத்துண்டு பெரும்பாலும் ஒரு மீற்றரைத் தாண்டாது. அகன்ற கையொன்றும் உட்பையும் வெட்ட அது காணாது. அதே நிறத்தில் மென்பருத்தித் துணி கால் மீற்றர் தனியே வாங்கவேண்டியிருக்கும். அதனை அளவெடுக்கும் அன்றே சொல்லிவிடுவது நல்லது.